மூன்றாம் ரூமின் சைபர்

என் தங்கச்சியின் இடது கையில் இரண்டு விரல் எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். பதினோரு வருஷம் மீன் பேக்கிங்கில் நின்றவள். கல்லாக உறைந்த மீனை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கையுறை உண்டு. போட்டால் வேகம் வராது, வேகம் வராவிட்டால் சூப்பர்வைசரின் வாய் வரும். அதனால் கையுறை இடுப்பில் தொங்கும், விரல் பனியில் கிடக்கும். கடைசியில் டாக்டர், இனிமேலும் குளிரில் நின்றால் விரல் இரண்டும் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி அவளை ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது. எத்தனை பெட்டி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று தட்ட வேண்டியது.

வீட்டில் அவளுக்குப் பெயர் எறும்பு. எதையாவது இழுத்துக்கொண்டே இருப்பாள். உட்கார வைத்தால் உட்கார மாட்டாள்.

நானும் அதே கோல்டு ஸ்டோரேஜில்தான், மெஷின் ரூமில் இருபத்திரண்டு வருஷம். எட்டாவதோடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. அமோனியா கேஸை கம்ப்ரஸரில் அழுத்தி, நாலு குளிர் ரூமுக்கும் அனுப்பி, திரும்ப வாங்கி, மறுபடி அழுத்த வேண்டும். அந்த கேஸைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் கசிந்தால் மூக்கு எரியும். அதிகம் கசிந்தால் கண் இறுக மூடிக்கொள்ளும், நீங்கள் நினைத்தாலும் திறக்காது. அதற்கும் மேலே போனால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும்.

அதனால் ஒவ்வொரு ரூம் சுவரிலும் காற்றை மோப்பம் பிடிக்க ஒரு சென்சார் இருக்கும். வாசலில் அதற்கு ஒரு மீட்டர். முள் இருபத்தைந்தைத் தாண்டியிருந்தால் கதவைத் தொடக் கூடாது. உள்ளே போகிறவன் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். என் மூக்கை நம்பிப் பிரயோஜனமில்லை. அது செத்துப் பத்து வருஷம் ஆகிறது. எனக்கு அமோனியாவும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இதை நான் ஆபீஸில் சொன்னதில்லை.

தங்கச்சி புருஷன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பகலில் பாதி நேரம் அந்த ரூம்களுக்குள்தான் கிடப்பான்.

எறும்பு ஆபீஸுக்குப் போன மூன்றாம் மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், துணி மாற்றுகிற ரூமில் ஒரு காலிப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போனில் தாடிக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

"யாரு இது?"

"வாத்தியார். ஸ்கிரீன் செய்யக் கத்துக் குடுக்கிறார்."

"எந்த ஸ்கிரீன்?"

"நான் நாள் பூரா பாக்கறேனே, பெட்டி எண்ணிக்கை போடற ஸ்கிரீன். அதை எவனோ ஒருத்தன் செஞ்சிருக்கான்ல. கண்டபடி செஞ்சிருக்கான். நானே செஞ்சிட்டா என்ன?"

"அதுக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சவன் செஞ்சதைத்தான் சொல்றேன், கண்டபடின்னு."

ஒன்றரை வருஷம் விடாமல் படித்தாள். வருகிற இங்கிலீஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். அர்த்தம் பக்கத்தில் அவள் பாஷையில் இருக்கும். 'பட்டன் — அமுக்கினா என்ன ஆகணும்னு நாமதான் சொல்லணும், அதுவா எதுவும் செய்யாது.' இப்படி நூற்றுக்கணக்கில்.

அவள் கற்றது டைப்ஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் பாஷை. அது என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் அது என்ன வகை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். எடை என்றால் எண், பெயர் என்றால் எழுத்து. எடை வர வேண்டிய இடத்தில் பெயரைப் போட்டால் அங்கேயே சிவப்புக் கோடு கிழித்து, நகர விடாதாம்.

"இதானா? எங்க சிலிண்டர்ல இருக்கறதுதானே," என்றேன். "எரியற கேஸ் சிலிண்டருக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது மரை. மாத்தி ரெகுலேட்டர் போடணும்னு குடிச்சிட்டு வந்தாலும் முடியாது. ஏறவே ஏறாது."

அவள் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அதேதான் அண்ணே. அந்தத் தாடிக்காரர் நாலு மணி நேரம் பேசினார் இதுக்கு."

"அவரை இங்க வேலைக்கு வரச் சொல்லு."

அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. பேக்கிங்கில் தப்பு என்பது கடைசியில்தான் தெரியும். லாரி போன பிறகு, ஊரே பார்க்க ஒருவன் கத்துவான். இது அப்படியில்லை. யாருக்கும் தெரியாமல், யாருக்கும் அடிபடுவதற்கு முன்னால், இந்த இடம் சரியில்லை என்று காதோடு சொல்கிறது. "இந்த மாதிரி ஒரு சூப்பர்வைசர் கிடைச்சிருந்தா என் விரல் நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

மாப்பிள்ளைக்கு இதில் ஏகப்பட்ட கிண்டல். "மச்சான், நேத்து சோத்துல உப்பு இல்லன்னேன். 'உப்புன்னு நீங்க டிக்ளேர் பண்ணவே இல்லையே'ங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"சொல்ல என்ன இருக்கு? எழுந்துபோய் நானே போட்டுக்கிட்டேன்."

பெட்டி எண்ணிக்கை ஸ்கிரீனை அவளே புதிதாகச் செய்து காட்டினாள். மேனேஜர் அசந்துபோனார். அங்கே ஆரம்பித்தது வினை.

வெளியூரிலிருந்து மீன் வாங்குகிற ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, நாலு ரூம் சென்சாரும் ஸ்கிரீனில் தெரிய வேண்டும் என்றார். கதவுக்குக் கதவு ஒரு டேப்லெட். நன்றாக இருந்தால் பச்சை, கசிவு இருந்தால் சிவப்பு. துருப்பிடித்த பழைய மீட்டரைப் பார்த்து வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. எத்தனை நாளில் வேண்டும் என்று கேட்டாள். ஐந்து நாள் என்றார்.

நாலாம் நாள் மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்புக் கோடு. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது அது?"

"சென்சார்லேருந்து எண் வரலாம், வராமலும் போகலாம், வராட்டி என்ன செய்வேன்னு கேக்குது. ஒவ்வொரு இடத்துலயும் கேக்குது. நாப்பத்தோரு இடம்."

"எப்பவும் வந்துக்கிட்டுதானே இருக்கு?"

இதைச் சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன்.

"அதான் அண்ணே நானும் நினைக்கிறேன்," என்றாள். பிறகு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அங்கே யாரோ முகம் தெரியாத ஆள் வழி எழுதியிருந்தான். அந்த இடத்தில் ஒரு சின்னக் குறி போட்டால் போதும். 'எண் கண்டிப்பாக வரும், எனக்குத் தெரியும், நீ வாயை மூடு' என்று அதற்கு அர்த்தமாம். எறும்பு ஒரு இடத்தில் போட்டாள். அந்தக் கோடு மறைந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் மறைந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு முறை அந்தக் குறியைப் போட்டாள். கடைசியில் ஸ்கிரீன் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"பார்வை முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒழுங்கா எழுதிடுவேன்," என்றாள்.

வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். வாசல் மீட்டர்களைக் கழற்றி ஸ்டோர் ரூமில் ஒரு வாளியில் போட்டார்கள். எறும்பின் படத்தை எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேனேஜர் அடுத்த வேலையைக் கொடுத்தார், அதற்கு அடுத்ததையும் கொடுத்தார். அந்தக் குறிகள் இருந்த இடத்தில் இருந்தன.

மெஷின் ரூமிலும் எனக்கு ஒரு ஸ்கிரீன் வைத்தார்கள். ஷிஃப்டுக்கு மூன்று முறை அதைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒன்றாம் ரூம் நாலு, இரண்டாம் ரூம் இரண்டு, மூன்றாம் ரூம் மூன்று, நாலாம் ரூம் ஒன்று. இந்த மாதிரிதான் இருக்கும். பழைய பிளான்ட், பழைய வால்வு. எங்கேயாவது இம்மி கேஸ் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை மூன்றாம் ரூம் சைபர் காட்டியது.

எழுதினேன். மத்தியானம் சைபர். சாயங்காலம் சைபர். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், எல்லாம் சைபர். பச்சை நிறத்தில், அழகாக, அசையாமல் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ரூமில் நான் சைபரைப் பார்த்ததே இல்லை. பழைய முள்ளாக இருந்தால் அன்றைக்கே மீட்டரைத் தட்டிப் பார்த்திருப்பேன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பேன். ஸ்கிரீனை எங்கே தட்டுவது? நான் புத்தகத்தை மூடினேன். நோட்டீஸ் போர்டில் அவள் படம் இருந்தது. அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். மெஷின் ரூம் போன் அடித்தது.

"அண்ணே, மேனேஜருக்கு மாசக் கணக்கு எடுத்துக்கிட்டிருக்கேன். மூணாம் ரூம் எவ்ளோ காட்டுது?"

"சைபர்."

"எப்பலேருந்து?"

"வியாழன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற ஓசை கேட்டது.

"அண்ணே, அது சைபர் இல்ல."

"சைபர்தான். கண்ணு முன்னால இருக்கு."

"சென்சார்லேருந்து எதுவுமே வரல. வியாழக்கிழமையிலேருந்து ஒண்ணுமே வரல. ஒண்ணுமில்லாததை முழு எண் ஆக்கச் சொன்னா, இது சைபர்னு குடுத்துடுது. சைபர் இருபத்தஞ்சுக்குக் கீழ. அதனால பச்சை." அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "அந்த இடத்துலதான் நான் குறி போட்டிருக்கேன். அண்ணே, உள்ள யாரு இருக்கா?"

மூன்றாம் ரூமில் அன்று காலை லோடு எடுக்கிற வேலை. யார் எடுப்பது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டு முதலில் மூன்றாம் ரூமுக்குப் போகிற வால்வை அடைத்தேன். பிறகு காற்று சிலிண்டரோடு இருக்கிற முகமூடி செட்டை மாட்டினேன். வாரை இறுக்கினேன். தாழ்வாரத்தில் ஓடும்போது வழக்கமான எல்லாம் இருந்தன. இரண்டு பேர் அட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சிரித்தான், முகமூடியோடு எங்கே ஓடுகிறீர்கள் என்று. மூன்றாம் ரூம் கதவில் டேப்லெட் பச்சையாக ஒளிர்ந்தது. கதவு பாதி திறந்திருந்தது. பிளாஸ்டிக் திரை லேசாக ஆடியது.

உள்ளே முதல் இரண்டு வரிசை வரை ஒன்றுமில்லை. அதனால்தான் மாப்பிள்ளை போயிருக்கிறான். கேஸ் பின்பக்கம், குளிர்க் குழாய்க்குக் கீழே, வெள்ளை மூட்டமாகப் படர்ந்து கிடந்தது. குழாயில் ஒரு வால்வின் கழுத்து பிளந்து சீறிக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே நின்றது. ரிவர்ஸில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறான், அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. ஆள் இல்லை.

கம்பளித் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு, பெட்டி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே முட்டி போட்டிருந்தான். கதவு இருக்கிற பக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் போயிருக்கிறான். சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். நான் தோளைப் பிடித்ததும் என்னை அடித்தான். யார் என்று தெரியவில்லை. காலர் கையில் சிக்கியது. அப்படியே இழுத்தேன்.

வெளியே போட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து கண்ணில் விட்டோம். எறும்பு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் விட வேண்டும், நிறுத்தக் கூடாது. அவன் தலையை உதறினான், இருமினான், வாயில் நுரை வந்தது. அவள் வெளுத்த விரல்களால் அவன் இமையைப் பிரித்துப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உயிர் தங்கியது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் டாக்டர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஃபோர்க்லிஃப்ட் இனிமேல் இல்லை.

விசாரணையில் மேனேஜர், சென்சார் பழுது என்று எழுதி முடிக்கப் பார்த்தார். கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது உண்மைதான். எறும்பு நிறுத்தச் சொன்னாள். மூன்றாம் ரூமுக்குத் தான் எழுதிய வரியைப் பேப்பரில் அச்சடித்துக் கொண்டுவந்து, குறி இருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு மேஜையில் வைத்தாள். "சென்சார் செத்தது வியாழக்கிழமை. அது செத்துப்போச்சுன்னு யாருக்கும் தெரியாம செஞ்சது இது. இதை எழுதினது நான்." மேனேஜர் அந்தப் பேப்பரைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒருநாள் அவளும் நானும் மட்டும் இருந்தோம். உள்ளே மாப்பிள்ளைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே. லாக் புத்தகத்தைப் பாத்தேன்."

நான் கட்டு மாற்றுகிற ரூம் கதவைப் பார்த்தேன்.

"பதினஞ்சு சைபர். உன் கையெழுத்து. நீ முள்ளு ஆடறதை வச்சே எந்த வால்வுன்னு சொல்றவன். அந்த ரூம்ல சைபர் வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"நீ செஞ்ச ஸ்கிரீன் ஆச்சே," என்றேன். "தப்பா இருக்காதுன்னு நினைச்சேன். தப்புன்னு சொன்னா உன்னை மறுபடியும் பேக்கிங்குக்கு அனுப்பிடுவாங்களோன்னும் நினைச்சேன்."

"நான் அதோட வாயை மூடினேன். நீ உன் வாயை மூடிக்கிட்ட," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனாள்.

அடுத்த வாரம் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். எல்லாக் குறியையும் எடுத்துவிட்டிருந்தாள். நாற்பத்தோரு சிவப்புக் கோடும் திரும்ப வந்து நின்றன.

"உக்காரு. ஒவ்வொண்ணுக்கும் நீ பதில் சொல்லணும். எண் வராட்டி உள்ள போறவனுக்கு என்ன தெரியணும்?"

"கதவைத் தொடாதேன்னு தெரியணும்."

"சைபர் வேணாம். சாம்பல் கலர். 'தெரியவில்லை'ன்னு எழுத்து. சரியா?"

"சரி. கூட இன்னொண்ணு. வந்த எண் எப்ப வந்ததுன்னும் காட்டு. பழைய மீட்டர்ல முள்ளு சிக்கிக்கிட்டா ஒரே இடத்துல நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும்."

அவள் யோசித்தாள். எண்ணோடு நேரமும் சேர்ந்து வந்தால்தான் அது எண், நேரம் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளாதே என்று அந்த வகையையே மாற்றி எழுதினாள். அதற்கு இன்னும் முப்பது இடத்தில் சிவப்பு வந்தது. எதற்கும் குறி போடவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. மேனேஜர் நடுவில் மூன்று முறை வந்து, எப்போது பச்சை வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு எல்லா ஸ்கிரீனையும் மாற்றினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாம் ரூம் சாம்பலாக வரும் என்று எதிர்பார்த்தோம், அங்கே இன்னும் புது சென்சார் வரவில்லை. வந்தது. இரண்டாம் ரூம் பச்சை, இரண்டு. நாலாம் ரூம் பச்சை, ஒன்று.

ஒன்றாம் ரூம் சாம்பல்.

"அதுல நாலுதானே காட்டும்?" என்றேன். நாலு என்றுதான் காலையிலும் எழுதியிருந்தேன்.

எறும்பு அதன் மேல் அமுக்கினாள். கடைசியாக எண் வந்த நேரம் திறந்தது. நாலு, சரிதான். வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த சென்சார் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. ஒன்றாம் ரூமில் சென்சாருக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவிலிருந்த மின் பெட்டி கடைசி எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நானும் பத்தொன்பது நாளாக அதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப உள்ள யாரு?" என்றாள்.

"ஆறு பேர்."

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். நான் அலமாரிக்கு ஓடி முகமூடியை மாட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றாம் ரூம் கதவுக்கு முன்னால் டேப்லெட் சாம்பலாக இருந்தது. கதவு மூடியிருந்தது. அதன் மேல் காதை வைத்தேன். இரும்பும் அரையடித் தெர்மோகோலும். உள்ளே பேசுகிறார்களா, பேசவில்லையா என்று எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன்.